கிரான் பாரடிசோ: முதல் நாலாயிரம் மீட்டர் சிகரத்துக்குக் கிளம்புகிறவர்களுக்கு

ஆல்ப்ஸில் 4,000 மீட்டரைத் தாண்டிய சிகரங்களில் முதலில் எதை ஏறலாம் என்று மலை தெரிந்தவர்களிடம் கேட்டால், அவர்கள் சொல்லும் மூன்று நான்கு பெயர்களில் கிரான் பாரடிசோ கட்டாயம் இருக்கும். உயரம் 4,061 மீட்டர். முழுக்க இத்தாலி மண்ணுக்குள்ளேயே நிற்கும் ஒரே நாலாயிரம் மீட்டர் சிகரம் இதுதான். பாதி வழிக்குத் தூக்கிக்கொண்டு போய் விடும் கேபிள் கார் இங்கே கிடையாது. பள்ளத்தாக்கின் அடியிலிருந்து உச்சி வரை நம் கால்களை நம்பித்தான் போக வேண்டும். கூடவே, "இது சுலபமான சிகரம்" என்றும் சொல்வார்கள். அந்தச் சொல்லில்தான் பல பேர் ஏமாந்துபோகிறார்கள். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

சுலபம் என்றால், பாறையைக் கையால் பிடித்துப் பிடித்து மணிக்கணக்காக ஏற வேண்டியதில்லை என்று பொருள். ஏறுபாதைகளைத் தரம் பிரிக்கும் பிரெஞ்சு வரிசை எஃப், பிடி, ஏடி என்று மேலே போகும். அதில் இந்த வழக்கமான பாதைக்கு 'பிடி மைனஸ்' என்று போட்டிருப்பார்கள், அதாவது கீழிருந்து இரண்டாவது படியின் தொடக்கம். அவ்வளவுதான் அந்தச் சொல்லுக்கு அர்த்தம். பனியாறு, அதாவது மலைமேல் மெல்ல நகரும் பெரும் பனிக்கட்டித் திரள், இருக்கிறது. அதற்குள் ஆளை விழுங்கும் பிளவுகள் இருக்கின்றன. உச்சியின் கடைசிப் பாறையில் ஒரு பக்கம் பல நூறு மீட்டர் வெறும் பள்ளம். நடை சுலபம், நடக்கும் இடம் சுலபமில்லை. நான் இரண்டு முறை போனேன். முதல் முறை உச்சியைத் தொடவில்லை. இந்தக் கட்டுரையில் இருப்பவை அநேகமாக அந்த முதல் முறை கற்றுக்கொடுத்தவைதான்.

எந்த மாதம், எத்தனை நாள்

ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரை கோடைப் பருவம். ஜூன் கடைசியிலும் ஜூலை முதல் பாதியிலும் பனியாற்றின் மேல் குளிர்காலப் பனி இன்னும் தடிமனாகக் கிடக்கும். நடக்க நன்றாக இருக்கும். ஆகஸ்ட் ஆக ஆகப் பனி உருகி, அடியில் இருக்கும் கண்ணாடி போன்ற ஐஸ் வெளியே வந்துவிடும். பிளவுகள் வாய் திறந்துவிடும், பனியாறு தொடங்கும் இடமும் மேலே மேலே போய்விடும். அது வரைக்கும் கல்லும் மண்ணுமாக நடந்தாக வேண்டும். வெப்பம் கூடிவரும் இந்தக் காலத்தில் பனியாறு ஆண்டுக்கு ஆண்டு சுருங்குவதால், ஐந்து வருடத்துக்கு முன் எழுதிய குறிப்பை நம்பி பூட்ஸின் அடியில் கட்டும் இரும்பு முட்களான கிராம்பானை எங்கே மாட்டுவது என்று முடிவு செய்யாதீர்கள். புதிதாகப் போகிறவர்களுக்கு ஜூலை முதல் பாதியைத்தான் நான் சொல்வேன். சனி ஞாயிறு மட்டும் வேண்டாம்; ஏன் என்பது உச்சிக்கு வரும்போது புரியும்.

கணக்குப் பார்த்தால் இரண்டு நாள் பயணம்தான். முதல் நாள் மலையேறுகிறவர்கள் தங்கும் குடில், இரண்டாம் நாள் உச்சி தொட்டு இறக்கம். அந்தக் கணக்கை நம்பித்தான் நானும் என் நண்பனும் முதல் முறை போனோம். வெள்ளிக்கிழமை இரவு டூரினில் விமானம் இறங்கினோம், சனிக்கிழமை மாலை குடில், ஞாயிறு அதிகாலை பனியாறு. சுமார் 3,600 மீட்டரில் அவன் நடை தள்ளாட ஆரம்பித்தது. கேட்டால், "தலைவலி லேசாத்தான்டா இருக்கு, இன்னும் கொஞ்ச நேரத்துல சரியாயிடும்" என்றான். அரை மணி நேரத்தில் பனியிலேயே வாந்தி எடுத்தான். கைடு ஒரு வார்த்தை பேசாமல் கயிற்றைத் திருப்பிவிட்டார். எனக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை, வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. ஆனாலும் மூவரும் இறங்கினோம். ஒரே கயிற்றில் கட்டியிருக்கிறவர்களில் ஒருவர் இறங்க வேண்டும் என்றால் எல்லோரும்தான் இறங்க வேண்டும். இதைக் கிளம்புவதற்கு முன்பே கூட வருகிறவர்களோடு உட்கார்ந்து பேசி ஒப்புக்கொள்ளுங்கள். மலைமேல் வைத்துப் பேசினால் நட்பு கெடும்.

நாலாயிரம் மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் கிட்டத்தட்ட 60 சதவீதம்தான். மூச்சுக்கு மூச்சு கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறையும். இதற்கு உடம்பு பழக நாள் பிடிக்கும். வயதோ, ஜிம்மில் தூக்கிய பாரமோ இதை மாற்றாது. "ஊட்டியில் எனக்கு ஒன்றுமே ஆகவில்லையே" என்ற கணக்கும் செல்லாது. நாம் இரவு தூங்கப்போகும் குடிலே தொட்டபெட்டாவின் உச்சியைவிட உயரத்தில் இருக்கிறது.

ஆகவே ஐந்து நாள் ஒதுக்குங்கள். முதல் இரண்டு நாள் மலையடியில் இருக்கும் வல்சவரான்ஷ் பள்ளத்தாக்கிலேயே தங்கி, பகலில் நிவோலே மேட்டுவெளி வரை, ஏறக்குறைய 2,500 மீட்டர், ஏறி இறங்குங்கள். மூன்றாம் நாள் குடிலுக்குப் போங்கள். நான்காம் நாள் முழுதும் குடிலைச் சுற்றி நடந்து, பனியாற்றின் ஓரம் வரை போய்ப் பழகிவிட்டு அங்கேயே மறுபடி தூங்குங்கள். ஐந்தாம் நாள் உச்சி. இரண்டாம் முறை நான் செய்தது இதுதான். அதே மலையா இது என்று இருந்தது.

தலைவலியோடு குமட்டல், தள்ளாட்டம், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குதல், குழப்பமான பேச்சு: இவற்றில் எது வந்தாலும் மருந்து ஒன்றே ஒன்றுதான், கீழே இறங்குவது. மாத்திரை போட்டுக்கொண்டு மேலே ஏறக் கூடாது.

யாரோடு போவது

பனியாற்றில் கயிறு கட்டி நடக்கவும், பிளவில் விழுந்தவரைத் தூக்கவும் ஏற்கெனவே பயிற்சி பெற்றவர் இல்லையென்றால் கைடு இல்லாமல் போகாதீர்கள். தனியாகப் போகவே போகாதீர்கள். நூறு பேர் நடந்த தடம் பள்ளமாகத் தெரிகிறதே, அதிலேயே போனால் என்ன என்று தோன்றும். அந்தத் தடம் காலை ஆறு மணிக்குக் கெட்டியாக உறைந்திருந்தபோது விழுந்தது. பதினோரு மணிக்கு, பிளவை மூடியிருக்கும் அதே பனிப்பாலம் ஊறிய ரொட்டி மாதிரி ஆகியிருக்கும்.

கைடு என்றால் ஐஎஃப்எம்ஜிஏ என்ற சர்வதேசச் சங்கத்தின் வட்டமான பேட்ஜ் வைத்திருப்பவர். இந்த மலை இருக்கும் அவோஸ்தா பள்ளத்தாக்கில் இவர்களுக்குப் பஞ்சமில்லை. பக்கத்து ஊரான கூர்மயோரின் கைடுகள் சங்கம் 1850இல் தொடங்கியது. இந்தச் சிகரத்தில் ஒரு கைடின் கயிற்றில் மூன்று நான்கு பேர் கட்டிக்கொண்டு போவது சகஜம். பதிவு செய்யும்போதே மூன்று கேள்விகள் கேட்டுவிடுங்கள். என் கயிற்றில் மொத்தம் எத்தனை பேர்? ஒருவர் திரும்ப வேண்டிவந்தால் மற்றவர்களுக்கு என்ன ஏற்பாடு? முந்தின நாள் கிராம்பான், கயிறு பழக்கிக் காட்டுவீர்களா? மூன்றாவதற்கு 'இல்லை' என்று பதில் வந்தால் நான் வேறு ஆளைப் பார்ப்பேன்.

காப்பீட்டையும் இப்போதே பாருங்கள். விசாவுக்காக எடுக்கும் பயணக் காப்பீடுகள் பலவற்றில் கயிறு கட்டி மலையேறுவதும், குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் நடப்பதும் சேராது. ஹெலிகாப்டர் மீட்பு சேருமா என்பதைச் சிறிய எழுத்து வரை படித்துவிட்டு எடுங்கள். இத்தாலியில் அவசர எண் 112. வானத்தில் ஹெலிகாப்டர் தெரிந்தால் இரண்டு கையையும் 'ஒய்' எழுத்துபோல உயர்த்தினால் 'உதவி வேண்டும்' என்று பொருள். உதவி வேண்டாம் என்றால் வேடிக்கைக்குக்கூடக் கையை ஆட்டாதீர்கள்.

உடம்பும் பையும்

முதுகில் எட்டு கிலோவோடு, மணிக்கு 300 மீட்டர் உயரம் என்ற வேகத்தில் நாலு நாலரை மணி நேரம் விடாமல் ஏற முடிகிறதா? அடுத்த நாளும் எழுந்து நடக்க முடிகிறதா? இதுதான் தேர்வு. மலை இல்லாத ஊரில் இருப்பவர்கள் அடுக்குமாடிப் படிக்கட்டில் பையோடு ஏறி இறங்கலாம். ஏறுவதைவிட இறங்குவதை அதிகம் பழகுங்கள். உச்சி நாளன்று நேராகப் பள்ளத்தாக்கு வரை இறங்கினால் 2,100 மீட்டர் இறக்கம். தொடையும் முழங்காலும் அங்கேதான் பேசும்.

பையில் போகிறவை: கிராம்பான் பொருந்தும் விறைப்பான அடியுள்ள பூட்ஸ், அடியில் பனி ஒட்டாமலிருக்க ரப்பர் தகடு வைத்த இரும்புக் கிராம்பான், ஐஸ் ஆக்ஸ் என்ற பனிக்கோடரி, கயிற்றை மாட்ட இடுப்பில் கட்டும் ஹார்னஸ், ஹெல்மெட், காராபினர் என்ற பூட்டுள்ள கொக்கி வளையங்கள் இரண்டு மூன்று, நெற்றி விளக்கும் அதற்கு மாற்று பேட்டரியும். இவற்றில் பலவற்றைக் கைடுகளே வாடகைக்குத் தருவார்கள். பூட்ஸை மட்டும் கடைசி நாளில் வாடகைக்கு எடுத்துக் கால் கொப்புளத்தோடு ஏறாதீர்கள். ஒரு வாரமாவது அதைப் போட்டு நடந்திருக்க வேண்டும். உடைக்கு உள்ளே வியர்வை உறிஞ்சும் பனியன், நடுவில் கம்பளி, மேலே காற்றும் மழையும் புகாத ஜாக்கெட், நின்றால் போட்டுக்கொள்ள இறகு ஜாக்கெட் என்று நாலு அடுக்கு. பருத்தி எதுவும் வேண்டாம், நனைந்தால் காயாது. கையுறை இரண்டு ஜோடி கட்டாயம். ஒன்று காற்றில் பறந்து போவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், போனது போனதுதான். பனியில் எதிரொளிக்கும் வெயில் மேலேயிருந்தும் அடிக்கும், கீழேயிருந்தும் அடிக்கும். அதனால் பக்கவாட்டும் மூடிய கறுப்புக் கண்ணாடி, 50 அளவுள்ள சன்ஸ்க்ரீன். மூக்கின் அடிப்பக்கத்திலும் மோவாயின் கீழும் தடவ மறக்காதீர்கள். நம் நிறத்துக்கு வெயில் ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கையோடு போன என் உதடு வெடித்து ஆற பத்து நாள் ஆயிற்று.

தண்ணீர் ஒன்றரை முதல் இரண்டு லிட்டர், அதில் பாதியாவது ஃபிளாஸ்கில் சூடான டீ. தின்பதற்கு பேரீச்சம்பழம், கடலைமிட்டாய், ரொட்டியில் சீஸ். கையுறையைக் கழற்றாமல் எடுத்து வாயில் போட முடிகிற அளவில் துண்டு போட்டு ஜாக்கெட் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பைக்குள் கிடப்பதை யாரும் தின்பதில்லை.

முதல் கட்டம்: போன் என்ற ஊரிலிருந்து குடிலுக்கு

அவோஸ்தா நகரத்திலிருந்து வில்நவ் வழியாகத் தெற்கே திரும்பி வல்சவரான்ஷ் பள்ளத்தாக்குக்குள் போனால், தார்ச்சாலை முடிகிற இடம் போன். உயரம் 1,960 மீட்டர். கோடையில் பஸ் உண்டு. பெரிய கார் நிறுத்துமிடமும் உண்டு, அது காலையிலேயே நிறைந்துவிடும். சாவரா ஓடையைப் பாலத்தில் தாண்டியதும் பாதை லார்ச் மரங்களுக்குள் வளைந்து வளைந்து ஏறும். கோவேறு கழுதை போகும் அளவுக்கு அகலமாக, கல் பாவிய பாதை. இத்தாலியின் முதல் மன்னர் இரண்டாம் விட்டோரியோ இமானுவேலே வேட்டைக்கு வர அமைத்த பாதைகள் இந்த மலைகள் முழுதும் இருக்கின்றன. 1856இல் இந்தப் பகுதி அரச குடும்பத்தின் வேட்டைக்காடாயிற்று. வேறு யாரும் சுடக்கூடாது என்று காவல் போட்டதால்தான், ஆல்ப்ஸ் முழுதும் அழிந்துபோன ஐபெக்ஸ் என்ற வளைகொம்பு மலையாடு இங்கே மட்டும் தப்பியது. இன்றைக்கு ஆல்ப்ஸில் எங்கே ஐபெக்ஸைப் பார்த்தாலும் அதன் பூர்வீகம் இந்த மலைதான். 1922இல் இதே இடம் இத்தாலியின் முதல் தேசியப் பூங்கா ஆனது. ஆகவே பூப்பறிக்கக் கூடாது, டிரோன் விடக்கூடாது, இஷ்டப்பட்ட இடத்தில் கூடாரம் அடிக்கக் கூடாது.

மரங்கள் முடிந்ததும் புல்வெளி, பிறகு கல். இரண்டு இரண்டரை மணி நேரத்தில் 2,732 மீட்டரில் இருக்கும் விட்டோரியோ இமானுவேலே குடில் வந்துவிடும். அரை உருளையைக் கவிழ்த்து வைத்த மாதிரி உலோகக் கூரை, தூரத்திலிருந்தே பளபளக்கும். அதற்கு முன்னால் சின்ன ஏரி, பின்னணியில் சியர்ஃபரோன் சிகரத்தின் மொட்டைத் தலை. இந்த இரண்டரை மணி நேரத்தை மூன்றாக்கிக்கொண்டு நடங்கள். வியர்த்து விறுவிறுத்து முதல் ஆளாகப் போய்ச் சேர்வதால் ஒன்றும் கிடைக்காது, மறுநாளைக்கான தெம்புதான் குறையும்.

இதே சிகரத்துக்கு, பள்ளத்தாக்கின் இதே பக்கத்தில் சற்று வடக்கே இருக்கும் ஷாபோ குடிலிலிருந்தும் ஒரு பாதை இருக்கிறது. லவெச்சோ பனியாறு வழியாகப் போகும், அழகும் அதிகம், பிளவுகளும் அதிகம். முதல் முறைக்கு இது வேண்டாம்.

குடிலில் ஒரு இரவு

படுக்கை மாதக்கணக்கில் முன்பே பதிவாகிவிடும். வர முடியாவிட்டால் கட்டாயம் போன் செய்து சொல்லுங்கள். சொல்லாவிட்டால், நீங்கள் மலையில் தொலைந்துவிட்டீர்களோ என்று குடில்காரர்கள் கவலைப்பட வேண்டிவரும். பூட்ஸையும் கிராம்பானையும் நுழைவறையில் வைத்துவிட்டு அங்கிருக்கும் செருப்பில் உள்ளே போக வேண்டும். கம்பளி தருவார்கள், உள்ளே போட்டுக்கொள்ளும் துணிப்பை நாம்தான் கொண்டுபோக வேண்டும். ரொக்கம் வைத்திருங்கள்.

சாப்பாடு எல்லோருக்கும் ஒரே நேரத்தில், மாலை ஏழு மணி வாக்கில். சைவம் என்றால் பதிவு செய்யும்போதே சொல்லுங்கள், போனதும் இன்னொரு முறை நினைவுபடுத்துங்கள். பாஸ்தாவும், போலெண்டா என்ற மக்காச்சோளக் களியும், சீஸும் தாராளமாகக் கிடைக்கும். சூப் மட்டும் இறைச்சிச் சாறில் வைத்ததாக இருக்கலாம், கேட்டுவிட்டுக் குடியுங்கள். முட்டையும் பாலும்கூட வேண்டாதவர்கள் தனியாக ஏதாவது கொண்டுபோவது நல்லது. இந்த உயரத்தில் பட்டினியோடு படுப்பது சரிப்படாது.

சாப்பிட்டதும் பையை அடுக்கிவிட்டுப் படுங்கள். ஹார்னஸ் மேலே, விளக்கு கைக்கெட்டும் இடத்தில், மறுநாள் உடை தலைமாட்டில். விடிகாலை மூன்றரைக்குப் பத்துப் பேர் ஒரே இருட்டறையில் பிளாஸ்டிக் கவரைச் சலசலத்துக்கொண்டு சாமான் தேடினால் யாருக்கும் நிம்மதி இருக்காது. தூக்கம் சரியாக வராது. உயரத்தில் முதல் இரவு அப்படித்தான். அதற்காகத் தூக்க மாத்திரை போட்டுவிடாதீர்கள், மூச்சைக் குறைக்கும். கண்ணை மூடிப் படுத்திருந்தாலே போதும்.

படுப்பதற்கு முன் வானிலையில் 'பூஜ்ய டிகிரி எந்த உயரத்தில்' என்பதைக் குடில்காரரிடம் கேளுங்கள். 3,500 மீட்டர் என்றால் மேலே பனி இரவில் நன்றாக உறையும். 4,500க்கு மேலே போய், வானமும் மூடியிருந்தால் பனி உறையாது, பாலங்கள் இளகியே இருக்கும். பிற்பகல் இடி என்று சொன்னால் கிளம்பும் நேரத்தை இன்னும் முன்னே தள்ளுங்கள்.

இருட்டில் தொடங்கும் நடை

நான்கு மணிக்குக் குடிலை விட்டு வெளியே வந்திருக்க வேண்டும். முதல் ஒரு மணி நேரம் பெரிய பெரிய கற்களின் மேல். பனியாறு தள்ளிக்கொண்டு வந்து கொட்டிய மேடு அது. விளக்கு வெளிச்சத்தில், வழி காட்ட அடுக்கிவைத்த கல்லடுக்குகளைப் பார்த்துப் பார்த்துப் போக வேண்டும். ஆடுகிற கல் எது, ஆடாத கல் எது என்று கால்தான் சொல்லும். முன்னால் போகும் விளக்கு வரிசையைக் கண்ணை மூடிக்கொண்டு பின்தொடராதீர்கள், அவர்களும் வழி தவறியிருக்கலாம். குளிராக இருக்கிறதே என்று எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு கிளம்பினால் பத்து நிமிடத்தில் நனைந்துவிடுவீர்கள். லேசாகக் குளிரும் நிலையில் தொடங்குவதே சரி.

பனியாறு தொடங்கும் இடத்தில் எல்லோரும் உட்கார்ந்து கிராம்பான் மாட்டுவார்கள். இங்கே அவசரப்படாதீர்கள். பையை மேட்டுப்பக்கம் வைத்து, உருளாதபடி ஐஸ் ஆக்ஸில் மாட்டுங்கள். பூட்ஸின் அடியில் ஒட்டியிருக்கும் பனியை ஆக்ஸின் நுனியால் சுரண்டி எடுங்கள். முன்பக்கத்தைச் சரியாகப் பொருத்தி, குதிகாலை அழுத்தி, பின்னால் இருக்கும் நெம்பை மேலே தள்ளினால் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் வராமல் எழுந்திருக்காதீர்கள். வாரை இழுத்துக் கட்டி, மிச்சம் தொங்கும் நுனியைச் செருகிவிடுங்கள். அந்த நுனியைத்தான் மறு காலின் முள் மிதிக்கும், ஆள் குப்புற விழுவார். கழற்றிய கையுறை ஜாக்கெட்டுக்குள், நெஞ்சுப் பக்கம் இருக்கட்டும். பனியில் வைத்தால் உள்ளே ஈரம், காற்றில் வைத்தால் கையுறையே இல்லை.

கயிற்றில் கட்டும்போது எட்டு முடிச்சை நீங்களே போட்டுப் பாருங்கள், பிறகு கைடு பார்ப்பார். காராபினர் பூட்டியிருக்கிறதா என்று கட்டைவிரலால் தொட்டுப் பாருங்கள். மூன்று பேர் என்றால் ஆளுக்கு ஆள் பத்து மீட்டர் அளவில் இடைவெளி இருக்கும். நடக்கும்போது கயிறு பனியை நடுவில் லேசாகத் தொட்டுக்கொண்டு வர வேண்டும். விறைப்பாக இருந்தால் முன்னால் போகிறவரைப் பின்னுக்கு இழுக்கும். தொங்கிக் கிடந்தால், ஒருவர் பிளவில் விழும்போது அந்தத் தொங்கல் தீரும் வரை அவர் வேகம் பிடித்துக்கொண்டே போவார், பிறகு வரும் உலுக்கலில் நீங்களும் சரிவீர்கள். கயிற்றைக் கையில் சுருட்டிப் பிடிப்பது, முன்னால் இருப்பவரோடு பேச நெருங்கிப் போவது, கிராம்பானால் மிதிப்பது மூன்றும் கூடாது. பனியில் நீளமான ஒரு தாழ்வு, நிறம் சற்று மங்கிய ஒரு கோடு தெரிந்தால் அதுதான் பிளவு. அதன் நெடுக்கில் நிற்காமல் குறுக்கே, ஒருவர் பின் ஒருவராக, கயிற்றை இறுக்கிக்கொண்டு தாண்ட வேண்டும்.

கால் வைப்பது தட்டையாக, கிராம்பானின் கீழ்ப்பக்க முட்கள் எல்லாம் ஒரே நேரத்தில் கடிக்கும்படி. இரண்டு காலுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டு நடங்கள். ஒவ்வோர் எட்டிலும் பின்காலை ஒரு கணம் நேராக்கி, பாரத்தை எலும்பின் மேல் நிறுத்தி, பிறகு அடுத்த எட்டு. முதலில் இது கேலிக்கூத்தான வேகமாகத் தெரியும். வாய் விட்டு ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதென்றால் அதுதான் சரியான வேகம். ஐஸ் ஆக்ஸ் எப்போதும் மேட்டுப்பக்கக் கையில்.

கழுதை முதுகு

3,700 மீட்டர் வாக்கில் சரிவு முடிந்து அகலமான ஒரு தோள்பட்டை வரும். ஸ்கியேனா தசினோ என்பார்கள். கழுதை முதுகு என்று அர்த்தம். ஷாபோ பக்கத்திலிருந்து வரும் தடமும் இந்தப் பகுதியில் வந்து சேரும். காற்று இங்கே திடீரென்று மேலே பாயும், வெயிலும் இங்கேதான் முதலில் முகத்தில் அடிக்கும். ஏறுவதற்கு முன்பே ஒரு ஐந்து நிமிடம் நின்று, இறகு ஜாக்கெட்டைப் போட்டு, டீ குடித்து, தின்றுவிடுங்கள்.

என்னைப் பொறுத்தவரை முடிவெடுக்கும் இடம் இதுதான், உச்சி அல்ல. குடிலிலிருந்து இங்கே வர மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தால் திரும்புவது என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே வரும்போது யாருக்காவது தலைவலியோடு குமட்டல் இருந்தாலும் திரும்புங்கள். மேலே இன்னும் 350 மீட்டர்தான் மிச்சம், உச்சிப் பாறை கண்ணுக்கே தெரிகிறது. தெரிவதால்தான் இங்கே நிறையப் பேர் தப்பு முடிவு எடுக்கிறார்கள். என் நண்பன் வாந்தி எடுத்தது இந்த இடத்துக்குச் சற்றுக் கீழே. நான் அப்போது கைடிடம் "இன்னும் கொஞ்சம் போய்ப் பார்க்கலாமே" என்று கேட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இதற்கு மேல் பனிச்சரிவு நின்று நிமிரும். பெக்கா தி மொன்கோர்வே என்ற 3,875 மீட்டர் பாறைமுனையின் பக்கம் வந்து, வடக்கே திரும்பி, உச்சிப் பாறையின் அடிக்குப் போகிறோம். பனியாறு மலையை விட்டு விலகும் இடத்தில் ஒரு பெரிய பிளவு குறுக்கே ஓடும். பருவத்தின் தொடக்கத்தில் பனி அதை மூடியிருக்கும். கடைசியில் அதைத் தாண்டுவதே ஒரு வேலை.

மடோன்னாவுக்கு முன்னால்

உச்சிப் பாறையின் மேல் மாதாவின் வெள்ளைச் சிலை நிற்கிறது. எல்லோரும் போவது அதுவரைதான். மிக உயர்ந்த புள்ளி அதைத் தாண்டி இன்னொரு முனையில், சற்றே உயரத்தில் இருக்கிறது. 1860 செப்டம்பர் 4ஆம் தேதி கௌவெல், டண்டாஸ் என்ற இரண்டு ஆங்கிலேயர்களும், மிஷேல் பயோ, ஜான் தைராஸ் என்ற இரண்டு கைடுகளும் முதன்முதலில் இந்தச் சிகரத்தின் மேல் நின்றார்கள்.

சிலையிடம் போவதற்குப் பெரிய கற்களின் மேல் சிறிது ஏறி, ஒரு குறுகிய விளிம்பில் சில எட்டுகள் பக்கவாட்டில் நகர வேண்டும். கைக்குப் பிடிப்பு நன்றாகவே இருக்கிறது. கயிற்றை மாட்டப் பாறையில் போல்ட் அடித்திருக்கிறார்கள். ஆனால் கீழே பார்த்தால் காலுக்கு அடியிலிருந்தே பள்ளம் தொடங்கும். போகிறவர்களும் வருகிறவர்களும் இதே விளிம்பில்தான். கோடையின் சனி ஞாயிறுகளில் இங்கே ஒரு மணி நேரம் வரிசையில் நிற்க நேரிடும். வியர்த்த உடம்போடு, 4,000 மீட்டர் காற்றில், ஒரு மணி நேரம். உடம்பு நடுங்க ஆரம்பித்தால் விரல் பிடிக்காது. இப்படி நிற்கும்போதுதான் ஒருவர் கயிறு இன்னொருவர் கயிற்றோடு சிக்கும், பொறுமை போய் முந்தப் பார்ப்பார்கள். வார நாளில் போகச் சொன்னது இதற்காகத்தான்.

இரண்டாம் முறை போனபோது எனக்கு முன்னால் இருபது பேர் இருந்தார்கள். கைடு கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "பாறைக்கு இந்தப் பக்கமே நின்று பார்த்துவிட்டுத் திரும்பலாமா, நிற்கலாமா? நின்றால் பனி இளகும்" என்று கேட்டார். நாங்கள் திரும்பினோம். சிலைக்குப் பதினைந்து மீட்டர் கீழே, வடமேற்கே மோன் பிளாங்க்கும், வடகிழக்கே மாட்டர்ஹார்னும் மோன்தே ரோசாவும் தெளிவாகத் தெரிய, பத்து நிமிடம் நின்றோம். அதை நான் உச்சி என்றுதான் கணக்கு வைத்திருக்கிறேன். கணக்கு வைக்காதவர்கள் இருக்கலாம், அது அவரவர் விருப்பம். புகைப்படத்துக்காக மட்டும் அந்த விளிம்பில் கயிற்றைக் கழற்றாதீர்கள்.

எங்கே நின்றாலும், பத்து மணிக்குள் முதுகைத் திருப்பிவிடுங்கள்.

இறக்கம்

களைப்பும், "முடித்துவிட்டோம்" என்ற நிம்மதியும் சேர்ந்து வரும் நேரம் இது. கால் இடறுவது பெரும்பாலும் இப்போதுதான். இறங்கும்போது அனுபவம் குறைந்தவர் முன்னால், கைடு கடைசியில், மேலேயிருந்து கயிற்றைப் பிடித்தபடி வருவார். முழங்காலை மடித்து, உடம்பைச் சற்று முன்னால் சாய்த்து, குதிகாலை ஊன்றாமல் முழுப் பாதத்தையும் வையுங்கள். பயந்து பின்னால் சாய்ந்தால்தான் வழுக்கும். வெயில் ஏறிய பனி கிராம்பானுக்கு அடியில் கட்டியாக ஒட்டிக்கொள்ளும். இரண்டு மூன்று எட்டுக்கு ஒரு முறை ஆக்ஸின் தண்டால் பூட்ஸின் பக்கத்தில் தட்டி உதிர்த்துவிட்டு நடங்கள். காலையில் வந்த அதே தடம், அதே பாலங்கள்தான். ஆனால் இப்போது இளகியவை. கயிற்று இடைவெளியைக் கடைசிப் பனி வரை விடாதீர்கள். வெறும் கல் வரும் முன்பே, "இனி என்ன" என்று கயிற்றைக் கழற்றுகிறவர்களைப் பார்ப்பீர்கள். அவர்களைப் பார்த்து நீங்களும் கழற்றாதீர்கள்.

நண்பகலுக்குள் பனியாற்றை விட்டு வெளியே வந்து, குடிலில் சூடாக ஒரு தட்டுப் பாஸ்தா சாப்பிட்டு, ஒரு மணி நேரம் பூட்ஸைக் கழற்றிக் காலை நீட்டுங்கள். நாள் இருந்தால் அன்றிரவும் குடிலிலேயே தங்கிவிடுவது முழங்காலுக்குப் பெரிய உபகாரம். சாயங்காலம் ஐபெக்ஸ்கள் குடிலைச் சுற்றிய பாறைகளில் மேய வரும், ஆள் இருப்பதைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. கிட்டே போய்த் தீனி மட்டும் நீட்டாதீர்கள்.

அன்றே இறங்குவதென்றால் போன் ஊர் வரை இன்னும் ஒன்றரை இரண்டு மணி நேரம். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை முந்தின நாளே கைபேசியில் எழுதி வைத்திருங்கள், குடிலில் சிக்னல் கிடைக்கும் என்று நம்பாதீர்கள். சொந்தக் காரில் வந்தவர்கள் அன்று மாலையே டூரினுக்கோ மிலானுக்கோ ஓட்டிக்கொண்டு கிளம்ப வேண்டாம். மூன்றரைக்கு எழுந்து, பத்து பன்னிரண்டு மணி நேரம் நடந்த உடம்பு அது. ஸ்டியரிங்கைப் பிடித்ததும் தூங்கிவிடும். பள்ளத்தாக்கிலேயே ஒரு அறை எடுத்துத் தூங்கிவிட்டு, காலையில் காப்பி குடித்துவிட்டுக் கிளம்புங்கள்.